ரப்பரில் களிமண் கலந்தால் பலம் கூடுமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் சின்னதாக ஒரு ரப்பர் யூனிட் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மேட், புஷ், வாஷர் எல்லாம் செய்கிறாராம். ஒரு ஏஜென்ட் வந்து 'நானோ களிமண்' என்று ஒரு பொடியைக் காட்டி, 100 கிலோ ரப்பருக்கு 4 கிலோ போட்டாலே போதும், பலம் இரண்டு மடங்காகும் என்று சொல்லியிருக்கிறார். விலையோ ரப்பரில் வழக்கமாகப் போடும் வெள்ளைக் களிமண்ணான சைனா க்ளேயைப் போலப் பல மடங்கு. 'இது நிஜமா? நிஜம் என்றால் நம்ம ஊர்க் குளத்து மண்ணை நைஸாக அரைத்துச் சலித்துப் போட்டால் ஆகாதா? படகுக்குப் பூசும் ரெசினிலும் இதைப் போடலாமா?' இவைதான் கேள்விகள்.

ரப்பரோடு மற்றப் பொருள்களைச் சேர்த்துக் கலவையாக்கும் காம்பவுண்ட் வேலையிலேயே பெரும்பகுதி ஆயுளைக் கழித்தவன் நான். இந்தக் களிமண் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு, நல்ல பலன் கண்டதும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, தம்பி. ஆனால் அவர் சொன்ன கணக்கு நைலானுடையது, ரப்பருடையது இல்லை.

அந்தக் கணக்கு வந்த இடம் ஜப்பான். 1980-களில் டொயோட்டாவின் மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் நைலான்-6 பிளாஸ்டிக்கோடு மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண்ணைச் சேர்த்துப் பார்த்தார்கள். எடையில் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய அளவுதான் மண். நைலானின் இழுவிசைப் பலம் 69 மெகாபாஸ்கலிலிருந்து 107-க்குப் போனது. விறைப்பு 1.1 கிகாபாஸ்கலிலிருந்து 2.1 ஆனது, இரண்டு மடங்கை ஒட்டி வந்தது இதுதான். இவற்றைவிட ஆச்சரியம் சூடு தாங்கும் விஷயத்தில்தான். பாரம் ஏற்றிச் சூடாக்கினால் 65 டிகிரியிலேயே வளைந்துவிடும் நைலான், 140 டிகிரிக்கு மேலும் நின்றது. 1990-ஐ ஒட்டி டொயோட்டா கேம்ரி காரின் டைமிங் பெல்ட் மூடியை இதில் செய்தார்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து சூடு வாங்குகிற உறுப்பு அது. பிறகு 2002-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேன்களில் ஏறுவதற்கு வைக்கும் கால்படியை நானோ களிமண் கலந்த வேறொரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, வெறும் 4 சதவீத மண் எப்படி இவ்வளவு செய்தது என்பது. செருப்பு சோலுக்கும் மேட்டுக்கும் 100 பங்கு ரப்பருக்கு 30, 50, சில சமயம் 100 பங்கு வரைக்கும் சைனா க்ளே கொட்டுகிறோம். விலை குறைகிறதே தவிர பலம் ஒன்றும் இரண்டு மடங்காவதில்லை. இரண்டும் களிமண்தானே?

வித்தியாசம் மண் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. களிமண் உருண்டைத் துகள் இல்லை. அது தகடு. நம் புகைப்புரையில் உலர்ந்து வரும் ரப்பர் ஷீட்டைக் கட்டாகக் கட்டி வைப்போமே, அதேபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளின் கட்டுதான் ஒவ்வொரு மண் துகளும். மாண்ட்மொரில்லோனைட்டில் ஒரு தகட்டின் கனம் 1 நானோமீட்டர். ஒரு தாளின் கனத்தை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அகலமோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். கட்டை அப்படியே ரப்பருக்குள் போட்டால் அது ஒரு கல்லைப் போட்டது போலத்தான். கட்டைப் பிரித்துத் தகடு தகடாக விரித்துவிட்டால் கதையே வேறு.

எவ்வளவு வேறு என்று நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். முழுதும் பிரித்து விரித்தால் 1 கிராம் மாண்ட்மொரில்லோனைட்டின் பரப்பு ஏறக்குறைய 750 சதுர மீட்டர். ஒரு சென்ட் நிலம் 40 சதுர மீட்டர் சொச்சம். ஆக ஒரு சிட்டிகை மண்ணுக்குள் பதினெட்டு சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது. ஏஜென்ட் சொன்ன 4 கிலோவைக் கணக்குப் பாருங்கள், 740 ஏக்கர் வருகிறது. 100 கிலோ ரப்பருக்குள் 740 ஏக்கர் தகடு! பாலிமர் சங்கிலி, அதாவது ரப்பரின் நீளமான மூலக்கூறு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தகட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். இழுக்கும்போது பாரம் அந்த விறைப்பான தகட்டுக்கு மாறிவிடும், சங்கிலிகளும் நினைத்தபடி வழுக்கி ஓட முடியாது. பலம் கூடுவது இதனால்தான்.

இந்தப் பிரித்தலைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். மண்ணை இல்லை. பொடியை எவ்வளவு நைஸாக அரைத்தாலும் கட்டு சின்னதாகுமே தவிரப் பிரியாது. ஷீட் கட்டைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டினால் சின்னக் கட்டுகள்தானே கிடைக்கும்? அதே மாதிரி.

அடுத்து குளத்து மண்.

நம் மாவட்டத்து மண் பெரும்பாலும் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கரைந்து வந்தது. கொட்டுகிற மழையில் காலகாலமாக ஊறி, கரையக்கூடிய சத்தெல்லாம் போய், மிஞ்சியிருப்பது கயோலினைட் என்ற களிமண்ணும் இரும்பு ஆக்சைடும்தான். சைனா க்ளேயும் கயோலினைட்தான், சுத்தமானது, வெள்ளையானது. கயோலினைட்டின் தகடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் தண்ணீர்கூட நுழையாது. மாண்ட்மொரில்லோனைட் அப்படி இல்லை. அதன் தகடுகளில் கொஞ்சம் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதைச் சரிக்கட்ட நடுநடுவே சோடியம், கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த அயனிகளைத் தேடி நீர் உள்ளே புகுந்து தகடுகளை விலக்கிவிடும்.

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் போயிருப்பீர்கள். கரிசல் நிலம் காலை விட்டால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடி, மண் பொங்கி, செருப்பைப் பிடித்து இழுக்கும். அது இந்த மாண்ட்மொரில்லோனைட் வகையின் வேலை. நம் தோட்டத்துச் செம்மண் எந்த வெயிலிலும் அப்படிப் பிளப்பதில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைகளில் செங்கலாக வேகும் மண்ணுக்கும் ரப்பருக்குள் விரிய வேண்டிய மண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அதற்காகக் கரிசல் மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதில் மணலும் சுண்ணாம்பும் மக்கும் ஏகமாகக் கலந்திருக்கும். சுத்தப்படுத்துகிற செலவில் நல்ல மண்ணையே வாங்கிவிடலாம். இந்த வகை மண் சுரங்கத்திலிருந்து வரும்போது அதன் பெயர் பென்டோனைட். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பக்கமும் கிடைக்கிறது. போர்வெல் தோண்டுகிறவர்களுக்கும் பைலிங் போடுகிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த சரக்கு.

குளத்து மண் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இது ரப்பர்க்காரருக்கு முக்கியமானது. மாங்கனீசும் செம்பும் கொஞ்சம் இருந்தாலே இயற்கை ரப்பர் சீக்கிரம் முதுமை அடைந்துவிடும். மேட் ஒரு வருடத்தில் பிசுபிசுத்தோ வெடித்தோ போகும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மண்ணை ரப்பரில் போடுவது நாமே வினையை விலைக்கு வாங்குவது.

வாங்குகிற பொடி நல்லதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டியதில்லை. 100 மில்லி அளவு ஜாடியில் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். 2 கிராம் பென்டோனைட்டை நன்றாக உலர்த்தி, ஒரே தடவையாகக் கொட்டாமல், நகக்கண் அளவு அளவாகத் தண்ணீர் மேல் தூவுங்கள். ஒவ்வொரு தூவலும் கொஞ்ச நேரம் மேலே மிதந்து, ஈரம் வாங்கி, பஞ்சுத் துணுக்கு மாதிரி மெல்ல இறங்கும். எல்லாம் போட்டு முடித்து ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். நல்ல சோடியம் பென்டோனைட் என்றால் அடியில் 24 மில்லி கோட்டைத் தாண்டிக் கூழாக உப்பி நிற்கும். பக்கத்து ஜாடியில் சைனா க்ளேயையோ குளத்து மண்ணையோ போட்டுப் பாருங்கள், சில மில்லியோடு அடியில் படிந்து சும்மா கிடக்கும். இந்த இரண்டு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு நான் மேலே சொன்ன எதையும் மறுபடி விளக்க வேண்டாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஏஜென்ட் கொண்டுவந்தது 'ஆர்கனோ க்ளே'யாக இருந்தால் இந்தச் சோதனையில் தோற்றுவிடும், தண்ணீரில் நனையாமல் மேலேயே மிதக்கும். அது குறை இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

மாண்ட்மொரில்லோனைட் தண்ணீரை விரும்பும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எண்ணெய்ச் சாதி. இரண்டும் ஒட்டாது. அதனால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நீண்ட கொழுப்பு வால் உள்ள அமோனியம் உப்பைச் செருகுவார்கள். அதன் தலை தகட்டைப் பிடித்துக்கொள்ளும், வால் பாலிமரைப் பார்த்து நீளும். நடுவிலுள்ள இடைவெளியும் அகலும். இப்படிப் பக்குவம் செய்ததுதான் ஆர்கனோ க்ளே. பெயிண்டும் கிரீஸும் கெட்டியாக நிற்க இதை 1950-களிலிருந்தே போட்டு வருகிறார்கள். டொயோட்டாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செய்து முடித்த நைலானில் மண்ணைக் கலக்காமல், நைலானின் மூலப்பொருளான கேப்ரோலாக்டத்தைத் தகடுகளுக்கு நடுவே ஊற வைத்து, அங்கேயே நைலானாக வளரவிட்டார்கள். வளர வளரச் சங்கிலிகள் தகடுகளைத் தள்ளித் தள்ளிப் பிரித்துவிட்டன. அந்த 69-க்கு 107 கணக்கு அப்படிக் கிடைத்தது. ரப்பரை உருளைகளுக்கு நடுவே பிசையும் உங்கள் இரண்டு ரோல் மில்லில் பொடியைத் தூவிக் கிடைத்ததில்லை.

என் சொந்த அனுபவம் இங்கேதான் வருகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆர்கனோ க்ளே சாம்பிள் வந்ததும், வழக்கமாக ஓடும் காம்பவுண்டில் 5 பங்கு சேர்த்து, மற்றது எதையும் மாற்றாமல் மில்லில் ஏற்றினோம். ரப்பரை வேக வைக்கும் கந்தகமும், அதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரும் போட்டுக் கொஞ்ச நேரத்தில் ரோலில் ஓடிய ஷீட்டின் ஓரம் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. பட்டு மாதிரி ஓட வேண்டிய ஷீட் கிழிந்து கிழிந்து விழுந்தது. காம்பவுண்ட் மில்லிலேயே வேகத் தொடங்கிவிட்டது, அதாவது ஸ்கார்ச். ஒரு பேட்ச் முழுதும் போனது. அந்த அமோனியம் உப்பு கந்தகத்தோடு சேர்ந்தால் ஆக்ஸிலரேட்டர் மாதிரியே வேலை செய்யும் என்பதை அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, மில்லின் தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டி, அடுத்த பேட்ச் எடுத்தோம். அது ஒழுங்காக வந்தது, ஆனால் பலம் பார்த்தால் வெறும் ரப்பரைவிடக் குறைவு! அறுந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அறுந்த முகத்தின் நடுவே ரவை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிரியாத களிமண் கட்டி. விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பித்து விசிறி மாதிரி இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. அடுத்தடுத்து அறுத்த துண்டுகளிலும் அதே புள்ளி. பிரியாத மண் பலம் சேர்க்காது என்பது மட்டும் இல்லை, அறுவதற்கு வழியும் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே தம்பி, உலர்ந்த ரப்பரில் உலர்ந்த பொடியைக் கலக்குகிற வழி உங்களுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. பெரிய கம்பெனிக்காரர்களிடம் இன்டர்னல் மிக்சர் இருக்கிறது, எக்ஸ்ரே கருவியில் தகட்டு இடைவெளியை அளந்து பார்க்க ஆள் இருக்கிறது. அவர்கள் செய்யட்டும். உங்களிடம் அவர்களில் பலருக்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு ரப்பர் ஏறக்குறைய முழுதும் விளைவது நம் மாவட்டத்தில்தான். காலையில் வெட்டிச் சிரட்டையில் வடிந்த ரப்பர்ப் பால், பகல் ஆவதற்குள் உங்கள் கேட்டுக்கு வந்துவிடும்.

பாலும் தண்ணீர்தான், உப்பிய பென்டோனைட்டும் தண்ணீர்தான். தண்ணீரில் தகடுகள் தாமாகவே பிரிந்து நிற்கின்றன, ரப்பரும் அதே தண்ணீரில் நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. இரண்டையும் அந்த நிலையிலேயே சேர்த்துவிட்டால் பிரிக்கிற வேலை முடிந்தது. இன்னொரு வசதியும் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. பாலில் உள்ள ரப்பர்த் துளிகளின் மேல் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு படலம் இருக்கிறது, அது எதிர்மின்னூட்டம் கொண்டது. மண் தகட்டின் முகமும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் கலவை திரியாது. தகட்டின் விளிம்பு மட்டும் புளிப்பில் நேர்மின்னூட்டம் ஆகும், அப்போதுதான் கட்டி கட்டும். அம்மோனியா விட்ட பால் காரமாக இருப்பதால் அந்த வம்பும் இல்லை. இதே காரணத்துக்காகத்தான் ஆர்கனோ க்ளேயையும் அந்த அமோனியம் உப்புகளையும் பாலில் போடக்கூடாது என்கிறேன். அந்த நேர்மின்னூட்டம் பட்டால் பால் அந்த இடத்திலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். ஆர்கனோ க்ளே உலர் கலவைக்கு, சோடியம் பென்டோனைட் பாலுக்கு. இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல இடங்களில் இந்தப் பால் வழியைச் செய்து பார்த்திருக்கிறார்கள், சீனாவிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. உங்கள் அளவுக்கு நான் சொல்லும் முறை இது. அம்மோனியா விட்டு வடிகட்டிய 10 லிட்டர் தோட்டத்துப் பால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உலர்ந்த ரப்பர் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். 100 பங்குக்கு 4 பங்கு என்று வைத்தால் 130 கிராம் பென்டோனைட் போதும். அதை நாலரை லிட்டர் தண்ணீரில், தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மழைத்தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வேண்டும். கடற்கரையோரத்துக் கிணற்று உப்புத்தண்ணீரும் போர்வெல் கடினத்தண்ணீரும் ஆகாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் உள்ளே புகுந்து தகடுகளை மறுபடி இறுக்கிவிடும், பாலையும் திரிக்கும். ஓர் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் மேலே நிற்கும் கூழை மட்டும் மெல்லச் சரித்து எடுங்கள். பாத்திரத்தின் அடியில் விரலால் தடவினால் நெறுநெறுவென்று கொஞ்சம் மணல் தட்டுப்படும், அது ரப்பருக்குள் போகக்கூடாது. பிறகு கூழைப் பாலில் நூல் மாதிரி ஊற்றி, நுரை கட்டாமல் அரை மணி நேரம் கலக்குங்கள். ஒருபோதும் உலர்ந்த பொடியைப் பாலில் கொட்டாதீர்கள். பொடி பக்கத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி, ரப்பரைச் சுற்றிக் கட்டி கட்டியாக்கிவிடும்.

அப்புறம் வழக்கம்போல ஃபார்மிக் ஆசிட்டை நீர்க்க விட்டு உறைய வைக்கலாம். பாலில் அம்மோனியா இருப்பதால் வழக்கத்தைவிட ஆசிட் கூடுதலாகக் கேட்கும். உறைவது வேகமாக நடக்கட்டும். மெல்ல மெல்ல உறைந்தால் தகடுகள் மறுபடி சேர்ந்துகொள்ள நேரம் கிடைத்துவிடும். வேகமாக உறையும்போது அவை நின்ற இடத்திலேயே ரப்பருக்குள் மாட்டிக்கொள்ளும். என்ன செய்தாலும் உலரும்போது கொஞ்சம் திரும்ப ஒட்டத்தான் செய்யும், முழு விரிப்பு இந்த வழியிலும் கிடைக்காது. ஆனால் மில்லில் பொடி தூவிக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உறைந்ததை உருளையில் விட்டு ஷீட்டாக்கி, நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம் நின்றால் பிரஸ்ஸில் குமிழி வந்துவிடும்.

சரி, இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்?

இழுத்து அறுக்கும் பலம் இரண்டு மடங்காகாது. அதை இப்போதே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இயற்கை ரப்பர் இழுக்கும்போது தானாகவே உள்ளுக்குள் படிகமாகி இறுகும் பொருள். எந்த நிரப்பியும் இல்லாமல், கந்தகம் போட்டு வேக வைத்தாலே 20 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். இருக்கிற பலத்தின் மேல் மண் சேர்ப்பது கொஞ்சம்தான். கூடுவது விறைப்பு. ஒரே அளவுக்கு நீட்ட, முன்பைவிடக் கூடுதல் விசை வேண்டும். கடினமும் கூடும், மண் ஒழுங்காகப் பரவியிருந்தால் கிழிவதையும் தாங்கும். 2003-ல் ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வில், 10 பங்கு ஆர்கனோ க்ளே போட்ட இயற்கை ரப்பர், 40 பங்கு கார்பன் பிளாக் என்ற கரித்தூள் போட்டதற்கு இணையாக நின்றது. 40 பங்குக்குப் பதில் 10 பங்கு என்றால் பொருள் இலேசாகும், கறுப்புக்குப் பதில் வேறு நிறத்திலும் செய்யலாம். கலர் மேட் செய்கிறவருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் தேய்மானம் முக்கியமான இடத்திலும், வெயிலில் கிடக்கும் பொருளிலும் கார்பன் பிளாக்கை எடுத்துவிடாதீர்கள். அதன் வேலையை மண் செய்யாது.

மண்ணின் உண்மையான பெருமை காற்றைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. அதை ஏன் எந்த ஏஜென்டும் முதலில் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. ரப்பருக்குள் காற்று நேர்வழியில் ஊடுருவிப் போகும். நடுவே படுக்கைவாட்டில் தகடுகள் கிடந்தால் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். அனந்தனார் கால்வாய் ஓரமாக நடப்பவர் பாலம் தேடிச் சுற்றிப் போவது மாதிரி. இதற்கு 1967-ல் நீல்சன் என்பவர் ஓர் எளிய சூத்திரம் தந்தார். அதில் நம் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எடையில் 5 சதவீத மண் என்பது ரப்பரில் கன அளவில் 2 சதவீதத்தைவிடக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் மண் ரப்பரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. தகட்டின் அகலம் கனத்தைப்போல் 100 மடங்கு என்று வைத்தால், காற்று கசிவது பாதிக்குப் பாதியாகக் குறைகிறது. இவ்வளவு சின்ன அளவுக்கு, பாதி! தகடு பிரியாமல் பத்துப் பத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அகலத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம் 10 ஆகிவிடும், அதே சூத்திரத்தில் கசிவு பத்தில் ஒரு பங்குதான் குறையும். பிரித்தல், பிரித்தல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் விலை இந்த வித்தியாசம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வில்சன் நிறுவனம் 'டபுள் கோர்' என்று ஒரு டென்னிஸ் பந்து விற்றது. டென்னிஸ் பந்தைத் திறந்து வைத்தால் உள்ளே அடைத்த காற்று கசிந்து சீக்கிரம் துள்ளல் போய்விடும். இந்தப் பந்தின் உள்பக்கம் பியூட்டைல் ரப்பர்ப் பாலில் வெர்மிகுலைட் என்ற தகட்டுக் கனிமத்தைப் பிரித்துக் கலந்து மெல்லியதாகப் பூசினார்கள். துள்ளல் கூடுதல் நாள் நின்றது. கவனியுங்கள், அவர்களும் பால் வழியில்தான் போனார்கள், தண்ணீரில்தான் பிரித்தார்கள்.

அதனால் நீங்கள் மேட்டுக்கு இதைப் போட்டுச் செலவழிப்பதைவிட, காற்றோ வாயுவோ அடைக்கிற பொருள் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசியுங்கள். பந்துக்கு உள்ளே போகும் பிளாடர், காற்றுத் தலையணை, டயாஃப்ரம், இரசாயனம் படுகிற கையுறை. இவற்றில்தான் இந்த மண் தன் விலையைத் திருப்பித் தரும். மேட்டுக்குச் சைனா க்ளே போதும், தம்பி. அதில் ஒரு குறையும் இல்லை.

படகு விஷயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஃபைபர் படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினில் ஆர்கனோ க்ளே கலந்தால் தண்ணீர் ஊறுவது மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் ரெசின் கூழாகிவிடும், கண்ணாடி இழைக்குள் சரியாக இறங்காது. இழை நனையாத இடத்தில் காற்று தங்கும். கடலில் போகிறவரின் உயிர் அந்தப் பலகையில் இருக்கிறது. பட்டறையில் கையால் பூசுகிறவர்கள் இதைச் சோதனை செய்து பார்க்கிற இடம் படகு இல்லை.

நம் கடற்கரையில் விற்கிற முத்துச்சிப்பியின் உள்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள், வானவில் மாதிரி மின்னும். அதுவும் தகடுதான். சுண்ணாம்புத் தகடுகளை நடுவே மெல்லிய புரதப் பசை வைத்து அடுக்கியிருக்கிறது சிப்பி. வெறும் சுண்ணாம்பைத் தட்டினால் பொடிந்துவிடும், சிப்பியின் உள்ளோடு அதைவிடப் பல மடங்கு உறுதியானது. ஆனால் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தகடு, ஐந்து பங்கு பசை. நம் கணக்கு அப்படியே தலைகீழ். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நம் முறையில் மண்ணைக் கூட்டக் கூட்ட நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. 5 பங்கைத் தாண்டிப் போகப் போகத் தகடுகளுக்கு விரிய இடம் போதாமல் மறுபடி கட்டாகும், ரப்பரின் நீட்சி குறையும், அந்த வெள்ளைப் புள்ளிகள் திரும்ப வரும்.

இன்னும் சில விஷயங்கள். சோடியம் பென்டோனைட் ஆக்ஸிலரேட்டரைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. ஆர்கனோ க்ளேக்கு நேர் எதிராக, இதில் வேகும் நேரம் கூடலாம். அதனால் புதுக் காம்பவுண்டை எடுத்ததும் பெரிய அச்சில் ஏற்றாமல், ஒரு சின்ன ஷீட் அழுத்தி நேரம் பாருங்கள். சந்தையில் விற்பது சில சமயம் கால்சியம் பென்டோனைட்டாக இருக்கும், அது அவ்வளவாக உப்பாது. சோடா ஆஷ் சேர்த்துச் சோடியமாக்கியதா என்று கேட்டு வாங்குங்கள், கேட்ட பிறகும் அந்த ஜாடிச் சோதனையைச் செய்யுங்கள். பொடியைக் கொட்டும்போது முகத்தில் சரியான மாஸ்க் இல்லாமல் யாரையும் நிற்கவிடாதீர்கள். பென்டோனைட்டில் நுண்ணிய குவார்ட்ஸ் கலந்திருக்கும், நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. நனைத்த பிறகு அந்தப் பயம் இல்லை.

ஏஜென்டிடம் 25 கிலோ மூட்டைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு கிலோ சாம்பிள் கேளுங்கள், சோடியம் வகையா ஆர்கனோ வகையா என்று எழுதிய தாளோடு. முதல் சோதனைக்கு ஒரே நாளின் பாலை மூன்று பாத்திரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மண் இல்லை, ஒன்றில் 2 பங்கு, ஒன்றில் 4 பங்கு. மூன்றையும் ஒரே காம்பவுண்ட், ஒரே பிரஸ், ஒரே நேரம். மூன்றிலும் ஒரே கனத்தில் ஷீட் எடுத்து, கம்பரசர் காற்று அடைத்த குழாயின் வாயில் இறுக்கிக் கட்டி, பிரஷர் கேஜில் எது எத்தனை நாளில் இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். அறுந்த துண்டுகளையும் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், அறுந்த முகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். எண்களோடு மறுபடி எழுதுங்கள், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு கூட்டிக் குறைக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.